சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு வீட்டில் பீர் காய்ச்சுவதைப் பற்றிப் பேசுவது, திருநெல்வேலியில் நின்றுகொண்டு அல்வா கிண்டுவது எப்படி என்று விசாரிப்பது மாதிரி. தேவையே இல்லாத வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும் வெளியூர் இளைஞர்கள் கடைக்கு வழிகூடக் கேட்பதில்லை. அத்தனை கடைகள். போதாததற்கு, இங்கே லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சினால் கலால் துறை வீடு தேடி வரும்.

ஆனாலும் போன மாதம் ஒருநாள், கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பேசியவர் குடிகாரர் இல்லை. ஒரு சொல்தா. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வயது எழுபத்தெட்டு. வருஷத்தில் ஆறு மாசம் பாரீஸுக்கு வெளியே, மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. மீதி ஆறு மாசம் இங்கே.

"தம்பி, நான் ராணுவத்துல எத்தனையோ பேரைப் பார்த்தவன். ஆனா வாழ்க்கையில ஒரே ஒருத்தனைத்தான் திருடன்னு சொல்லியிருக்கேன். அது என் பேரன்" என்று ஆரம்பித்தார்.

பிரான்ஸில் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்ளலாம். மனைவி போன பிறகு இவருக்குப் பொழுது போகவில்லை. கடையில் மால்ட் பாகு டின்னில் கிடைக்கிறது. முளைகட்டின பார்லியிலிருந்து எடுப்பது. அதைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் தூவி, ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியில் மூடி வைக்கவேண்டும். பத்து நாளில் நுரைத்து அடங்கும். பிறகு, அடியில் குழாய் வைத்த இரண்டாவது வாளிக்கு மாற்றி, கேஸ் ஏறுவதற்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, குழாயைத் திறந்து பாட்டில்களில் பிடித்து அடைக்கவேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்துத் திறந்தால் பீர். நம் வீட்டு இட்லி மாவுக்கு அண்ணன் தம்பி உறவுதான். என்ன, இது கொஞ்சம் தறுதலையான தம்பி.

முதல் இரண்டு தடவையும் அருமையாக வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார். மூன்றாவது தடவை, ஒரே புளிப்பு. பாட்டிலைத் திறந்தால் பொங்கி மேஜை, சட்டை எல்லாம் நுரை. நாலாவதும் அப்படியே.

மூன்றாவதும் நாலாவதும் காய்ச்சியது ஜூலையில். அது அங்கே பள்ளி விடுமுறை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் பதினாறு வயசுப் பேரன் தாத்தா வீட்டில் தங்கியிருந்தான். ஒருநாள் அவன் வாளி வைத்திருந்த அறையிலிருந்து வெளியே வந்ததை இவர் பார்த்திருக்கிறார். போதாதா? ஆகஸ்ட் கடைசியில் குடும்பமே சாப்பிட உட்கார்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளித்த பாட்டிலை மேஜையில் வைத்து, "இந்த வீட்டுல ஒரு திருடன் மூடியைத் திறந்து திறந்து ருசி பார்த்திருக்கான்" என்று சொல்லிவிட்டார். பையன், "நான் தொடல தாத்தா" என்றிருக்கிறான். மூன்று தடவை. அப்புறம் எழுந்து போய்விட்டான்.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. பேரன் வருவது நின்றது. நிம்மதியாக ஐந்தாவது தடவை காய்ச்சினார். அதுவும் புளித்தது.

இப்போது அவர் சொன்னதைத்தான் நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். "தம்பி, எனக்கு முதல்ல என்ன தோணிச்சு தெரியுமா? 'ஐயோ, பையன் மேல தப்பில்லையே'ன்னு தோணல. 'இவன்கிட்ட நம்ம வீட்டுச் சாவி ஒண்ணு இருக்குமோ'ன்னுதான் தோணிச்சு."

சிரிக்காதீர்கள். நீங்களும் நானும் அதைத்தான் யோசித்திருப்போம். ஒரு ஆள் மேல் பழியைப் போட்டுவிட்டால், அதைக் காப்பாற்ற மனசு என்ன பாடுபடுகிறது பாருங்கள்! நம் ஊரில் இதற்கு ஏற்கனவே பெயர் வைத்திருக்கிறார்கள். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் பழமொழி பாதியில் நிற்கிறது. காகம் பறந்துபோன பிறகும் பழம் விழுந்தால், 'காகம் ராத்திரியில் வந்து உட்கார்ந்திருக்கும்' என்று சொல்பவன்தான் மனுஷன்.

ஆறாவது தடவை அவர் ஒரு காரியம் செய்தார். ராணுவ ஒழுங்கு கடைசியில் கைகொடுத்தது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எதையும் நம்பாமல் ஒவ்வொரு படியாக எழுத ஆரம்பித்தார். முதல் கேள்வி: எத்தனை பாட்டில் கெட்டது? பழைய பெட்டிகளில் மிச்சம் இருந்ததையெல்லாம் திறந்து பார்த்தார். எல்லாமே புளிப்பு. சில பாட்டில் மட்டும் கெட்டிருந்தால் அந்தப் பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். எல்லாமே கெட்டிருந்தால் பாட்டில் மேல் தப்பில்லை, அதற்கு முன்னால் எங்கேயோ நடந்திருக்கிறது.

இரண்டாவது கேள்வி: முதல் வாளியில் இருந்தபோதே கெட்டுவிட்டதா? இதற்கு பதில் தேட அவர் எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. வாளி மாற்றுகிற அன்று ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். ஒவ்வொரு தடவையும் நன்றாகவே இருந்திருக்கிறது! பேரன் மூடியைத் திறந்து எச்சில் பண்ணியிருந்தால் அன்றைக்கே லேசாகவாவது புளித்திருக்கவேண்டாமா?

"அவன் மேல தப்பில்லேன்னு என் நாக்குக்கு ஜூலை மாசமே தெரியும் தம்பி. நான்தான் அதைக் கேட்கல" என்றார்.

அப்படியானால், கெட்டது இரண்டாவது வாளிக்குப் போன பிறகு. ஆறாவது தடவை, பாதியை நன்றாகக் கொதிநீரில் போட்டெடுத்த புது ரப்பர் டியூப் வழியாக முதல் வாளியிலிருந்தே நேராகப் பாட்டிலில் பிடித்தார். மீதியை வழக்கம்போல இரண்டாவது வாளியின் குழாய் வழியாக. மூன்று வாரம் கழித்துத் திறந்தால், டியூபில் பிடித்தது அமிர்தம், குழாயில் பிடித்தது காடி. குழாயைத் திருகிக் கழற்றினார். அது ஒரே துண்டு என்று நினைத்திருக்கிறார், ஆனால் உள்ளே இன்னொரு துண்டு சுழல்கிறது. இரண்டுக்கும் நடுவில், வெளியிலிருந்து ஊற்றுகிற எந்த மருந்துத் தண்ணீரும் போய்ச் சேராத இடத்தில், வழவழவென்று பழுப்பு நிறத்தில் ஒரு படலம். முதல் இரண்டு தடவை குழாய் புதுசு, அதனால் நன்றாக வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பீர் அதில் தங்கி, அதில் பாக்டீரியா குடித்தனம் வைத்து, அடுத்த தடவை பிடிக்கிற அத்தனை பாட்டிலுக்கும் ஒரு சொட்டு பிரசாதம் கொடுத்து அனுப்பியிருக்கிறது. வாளியை அவர் பளபளவென்று கழுவினார், உண்மை. ஆனால் அழுக்குப் போகக் கழுவுவது வேறு, கிருமி சாகக் கழுவுவது வேறு. கழற்றாமல் கழுவினால் இரண்டுமே நடக்காது.

இதில் விசித்திரம், கெட்டுப்போனது என்று நாம் சொல்வதே ஒரு ஆளின் பார்வைதான். பதநீர் இறக்குகிறவர் பானைக்குள் சுண்ணாம்பு தடவுகிறார், நுரைத்துவிடக் கூடாதென்று. கள் இறக்குகிறவர் தடவுவதில்லை. அவருக்கு நுரைத்தால்தான் பிழைப்பு. சர்க்கரையைப் பொறுத்தவரை இரண்டு மரத்திலும் நடக்கப் பார்ப்பது ஒன்றேதான். அதற்கு யார் மேலும் கோபம் இல்லை.

சொல்தா சொன்னதும் எனக்கு லூயி பாஸ்டர் ஞாபகம் வந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் வளர்ந்ததால் வந்த பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1856-ல் வடக்கு பிரான்ஸில் லீல் நகரத்தில் பிகோ என்று ஒரு ஆலைக்காரர். பீட்ரூட்டிலிருந்து ஆல்கஹால் எடுக்கிற தொழில். சில தொட்டிகள் காரணமே தெரியாமல் புளித்து நஷ்டமாகிக்கொண்டிருந்தன. அவர் பையன் பாஸ்டரிடம் படித்துக்கொண்டிருந்ததால் அவரிடமே போய் நின்றார். முப்பத்து மூன்று வயசுப் பேராசிரியர் ஆலைக்கு வந்து, நல்ல தொட்டியிலிருந்தும் கெட்ட தொட்டியிலிருந்தும் மாதிரி எடுத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நல்லதில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். கெட்டதில் அதைவிடச் சின்னதாக, குச்சி குச்சியாக வேறு உயிர்கள். பாலைப் புளிக்கவைக்கிற அதே லாக்டிக் அமிலத்தை அவை உண்டாக்கிக்கொண்டிருந்தன. கிருமிகள் பற்றி நாம் இன்று பேசுகிற பெரிய பேச்செல்லாம் அந்தப் புளித்த தொட்டியிலிருந்து கிளம்பியதுதான். 1871-ல் அவர் லண்டனுக்குப் போய் விட்பிரெட் மது ஆலையில் ஈஸ்ட்டை வாங்கிப் பார்த்து, இதில் கோளாறு இருக்கிறதே என்று சொன்னபோது அந்தப் பெரிய மனுஷர்கள் திகைத்துப் போனார்கள். ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி போனபோது, அங்கே மேஜையில் ஒரு புது மைக்ராஸ்கோப் இருந்ததாம்.

அதற்கு முன்னால் ஐரோப்பாவில் பீர் புளித்தால் என்ன செய்தார்கள்? ஊரில் தனியாக இருக்கிற கிழவி யாராவது கண் வைத்துவிட்டாள், சூனியம் வைத்துவிட்டாள் என்று பிடித்தார்கள். வெண்ணெய் திரளாவிட்டாலும் அதே கிழவிதான். ஒரு பக்கம் குச்சி மாதிரி ஒரு கிருமி, இன்னொரு பக்கம் ஒரு கிழவி. நடுவில் இருந்தது ஒரு கண்ணாடித் துண்டு மட்டும்தான். ஒன்றைச் சொல்லவேண்டும், பாஸ்டர் கை காட்டிய பாக்டீரியா மேலும் எல்லாப் பழியையும் போட முடியவில்லை. 1883-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் பீர் கெட்டபோது, எமில் ஹான்சன் என்ற விஞ்ஞானி தேடிப் பார்த்தார். கெடுத்தது பாக்டீரியா இல்லை, ஈஸ்ட்டிலேயே வேறொரு வகை. விருந்தாளியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள், வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்திருக்கிறது.

நான் பி.காம் படித்தவன். எனக்கு மைக்ராஸ்கோப் தெரியாது. ஆனால் கணக்குப்பிள்ளைகள் இந்த விஷயத்தில் விஞ்ஞானிகளுக்கு சளைத்தவர்கள் இல்லை. பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் கொஞ்ச நாள் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் எடுபிடியாக இருந்தேன். ஒரு ஜவுளிக்கடையின் டிரயல் பேலன்ஸ் போட்டபோது 2,700 ரூபாய் உதைத்தது. முதலாளி அதற்குள் கேஷியரைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கத்த ஆரம்பித்துவிட்டார். அந்த மனுஷன் வேர்த்து ஒழுகுகிறார். எங்கள் சீனியர் எதுவும் பேசாமல் 2,700-ஐ ஒன்பதால் வகுத்தார். மீதி இல்லாமல் 300 வந்தது. "இலக்கம் இடம் மாறியிருக்குப்பா, தேடு" என்றார். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கத்தைத் திருப்பிப் போட்டு எழுதியிருக்க வாய்ப்புண்டு. ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்தது. 4,100-ஐ லெட்ஜரில் 1,400 என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்து முதலாளியுடைய மச்சானுடையது. அது வேறு கதை.

அப்படியும் பிழை கிடைக்காவிட்டால்? அதற்கு வழி இருக்கிறது. வித்தியாசத் தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தனிக் கணக்கில் எழுதி வைத்துவிட்டு மேற்கொண்டு வேலை பார்க்கலாம். தொகை தொலையவில்லை, அது இருக்கிறது. ஆனால் யார் பெயரிலும் இல்லை. காரணம் தெரிகிற வரை அங்கேயே இருக்கும். உலகத்திலேயே நாகரிகமான ஏற்பாடு இதுதான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். நாம் வெளியே என்ன செய்கிறோம்? ஏதாவது விபத்து நடந்தால், விசாரணை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கடைநிலையில் இருக்கிற ஒருவரை சஸ்பெண்ட் செய்துவிட்டு, நடவடிக்கை எடுத்தாயிற்று என்கிறோம். கணக்கில் தொகையைத் தொங்கவிடுகிறார்கள், நாம் ஆளைத் தொங்கவிடுகிறோம்.

ஏன் இப்படி? குழாயிடம் கோபித்துக்கொள்ள முடியாது, அதுதான் காரணம். குழாய் தலை குனியாது. "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லாது. கெட்டுப்போன இருபது லிட்டருக்கு யாராவது ஒருத்தர் முகம் வாடவேண்டும் என்று உள்ளுக்குள் நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

உடனே நீங்கள் கேட்பீர்கள்: அப்ப உலகத்துல திருடனே இல்லையா சார்? பாலில் தண்ணி ஊத்துறவன் இல்லையா? இருக்கிறான். நிறைய இருக்கிறான். சஸ்பென்ஸ் அக்கவுன்டை வருஷக்கணக்கில் அப்படியே வைத்திருந்தால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார், தேடி முடி என்பார். தேடினால் சில சமயம் கேஷியர்தான் என்று தெரியவும் வரும். அப்போது தாராளமாக அவர் பெயரில் எழுதுங்கள். தேடுவதற்கு முன்னால் எழுதுவதுதான் சிக்கல். ஏனென்றால் ஆள் கிடைத்த அன்றே தேடுவது நின்றுவிடுகிறது. பேரன் மேல் பழி விழுந்த அன்று, அந்தக் குழாயை யாரும் கழற்றவில்லை. அது சொகுசாக ஐந்தாவது வாளியையும் கெடுத்தது.

சரி, சொல்தாவிடம் வருகிறேன். குழாயைக் கண்டுபிடித்த அன்று ராத்திரியே மகளுக்கு போன் செய்திருக்கிறார். "குழாய்தாம்மா காரணம், பையன் இல்ல." மகள், "சரிப்பா, அவன்கிட்ட சொல்லிடறேன்" என்றிருக்கிறாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். முடியவில்லை. இது நடந்து நாலு வருஷம். பையனுக்கு இருபது வயசு. பிறந்தநாளுக்கு போன் செய்கிறான், "எப்படி இருக்கீங்க தாத்தா" என்கிறான். வீட்டுக்கு மட்டும் வருவதில்லை.

"நான் என்ன தம்பி செய்யணும்?"

எனக்குத் தெரிந்தது கணக்குதான். லெட்ஜரில் தப்பாக எழுதியதை ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. அடித்து மேலே எழுதவும் கூடாது. தப்பு அப்படியே இருக்கும், அதற்கு எதிராக இன்னொரு பதிவு போடவேண்டும். ரெக்டிஃபிகேஷன் என்ட்ரி. அதை எங்கே போடவேண்டும்? தப்பு எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ அதே புத்தகத்தில். தனியாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டிராயரில் போட்டால் செல்லாது.

"அன்னிக்கு சாப்பாட்டு மேஜையில எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டேன்.

"ஏழு பேர்."

"அப்ப ஏழு பேரும் வேணும் ஐயா."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மதுரை ஞாபகம் வந்தது. ஒரே ஒரு சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால், உள்ளே முத்தா மாணிக்கமா என்று தெரிந்திருக்கும். அரை நிமிஷ வேலை. பாண்டியன் அதைச் செய்யவில்லை, கோவலன் போனான். ஆனால் ஒன்று, தப்பு தெரிந்தபோது அந்த ராஜா கண்ணகிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பவில்லை. அத்தனை பேர் பார்க்க, அதே அரியணையில் உயிரை விட்டான். நான் இதை சொல்தாவிடம் சொல்லவில்லை. எழுபத்தெட்டு வயசுக்காரரிடம் சொல்கிற உதாரணம் இல்லை அது.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த என்ட்ரி போட எத்தனை நாள் டைம் உண்டு?" என்றார்.

"கணக்கு முடிக்கறதுக்குள்ள போட்டுடணும்."

சிரித்தார். "மெர்சி தம்பி. ஜூலையில போறேன்" என்று சொல்லிவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் தூக்கம் வரவில்லை. ஏன் என்று உங்களிடம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எனக்கு எட்டு வயசு இருக்கும். முத்தியால்பேட்டையில் கூட்டுக் குடும்பம். அந்த வருஷம் பாட்டி போட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி முழுக்க வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிட்டது. சித்தி கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்தான். "தூரமா இருக்கறப்ப ஜாடியைத் தொட்டிருக்கா" என்று பாட்டி கூடத்தில் நின்று சொன்னார். சித்தி "இல்லைங்க அத்தை" என்றார். யாரும் கேட்கவில்லை. தனிக்குடித்தனம் போகிற வரை பதினொரு வருஷம் அந்த வீட்டில் சித்தி ஊறுகாய் ஜாடியைத் தொட்டதில்லை. யாருக்கு வேண்டுமானாலும் பாட்டிதான் எடுத்துப் போடுவார்.

பம்ப்செட்டில் குளித்துவிட்டு வந்து, ஈரக் கையை அப்படியே ஜாடிக்குள் விட்டு மாங்காய்த் துண்டு எடுத்துத் தின்றவன் நான். ஒரு தடவை இல்லை, ஒரு வாரம். ஈரம் பட்டால் ஊறுகாய் பூத்துவிடும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பாட்டி இல்லை. தாத்தா இல்லை. அன்று கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் இல்லை. எந்தப் புத்தகத்தில் எழுதுவது? இருக்கிற பக்கத்திலாவது எழுதலாம் என்று மறுநாள் கடலூருக்கு சித்திக்கு போன் செய்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அது எனக்கு அப்பவே தெரியும்டா" என்றார்.

"எப்படி சித்தி?"

"சாமான் ரூம்ல ஜாடிக்கு முன்னால தரையில சின்னச் சின்னதா ஈரக் கால் தடம் இருந்துச்சு. அந்த வீட்டுல அந்த சைஸ் கால் உனக்கு மட்டும்தான்."

"ஏன் சொல்லல?"

"உங்க தாத்தா பெல்ட்டால அடிப்பாரு... நீ வேற அப்பதான் காய்ச்சல்ல கெடந்து எழுந்திருந்தே. சரி, வைக்கட்டுமா? மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில துணி கெடக்கு."